எண்ணா, எழுத்தா?

2014 பொங்கலுக்கு முன்பு, கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். வேலை முடிந்ததும் மேஸ்திரிக்கு அப்பா ஒரு காசோலை எழுதிக் கொடுத்தார். சில நாட்களில் அது திரும்பி வந்தது. கூடவே இணைத்திருந்த மெமோவில், எழுத்தில் உள்ள தொகையும் எண்ணில் உள்ள தொகையும் வேறுபடுவதாகக் குறித்திருந்தார்கள். எழுத்தில் ‘நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் மட்டும்’ என்று இருந்தது. எண் கட்டத்தில் 4,500. ஒரு சுழி விட்டுப் போயிருந்தது.

அப்பா முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியார். காசோலையை எப்போதும் தமிழில்தான் எழுதுவார். தொகையை வரியின் இடது விளிம்பை ஒட்டித் தொடங்கி, ‘மட்டும்’ என்று முடித்து, மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார். அவருடைய காசோலை அதுவரை ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. மேஸ்திரிக்கு மெமோவில் இருந்த ஆங்கிலம் புரியவில்லை. கணக்கில் பணம் இல்லை என்றே நினைத்திருக்கிறார். பணமில்லாமல் திரும்பும் காசோலை 1989 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் தண்டனைக்குரிய குற்றம். அது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ‘வாத்தியார் செக்கு திரும்பிடுச்சாம்’ என்ற பேச்சு டீக்கடைவரை போய்விட்டது.

அன்று இரவு அப்பா நியூ ஜெர்ஸிக்கு போன் செய்தார். “சட்டப்படி எழுத்துதானே செல்லும்? அப்புறம் ஏன் திருப்பினான்? நீ இந்த வேலைதானே பாத்தே, சொல்லு” என்றார்.

உண்மைதான். அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்ததும் நான் சேர்ந்த முதல் வேலை, காசோலையைப் படிக்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது. ஆயிரக்கணக்கான தவறான காசோலைகளைத் திரையில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அப்பாவின் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில், தவறாக எழுதிய காசோலைக்கென்று ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அந்தக் காகிதத்தை யார் படிக்க வேண்டும், தவறினால் நட்டம் யாருக்கு என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் அந்த வரலாறு நகர்கிறது.

காசோலை முதலில் ஒரு கடிதமாகத்தான் இருந்தது. இங்கிலாந்தில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய காசோலைகளுள் ஒன்று 1659ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிக்கோலஸ் வானக்கர் என்ற வணிகர் மோரிஸ், கிளேட்டன் என்ற இருவருக்கு எழுதியது. டெல்போ என்பவருக்கு 400 பவுண்டு கொடுக்கும்படி அதில் கேட்டிருக்கிறார். அச்சிட்ட படிவம் கிடையாது, கட்டம் கிடையாது. எழுதியவரின் கையெழுத்து பணம் கொடுப்பவருக்குப் பழக்கமானது. சந்தேகம் வந்தால் ஆளனுப்பிக் கேட்டுவிடலாம். தவறு நேர்ந்தால் அது இரண்டு பேருக்கு இடையிலான விஷயம்.

வணிகம் பெருகி, முகம் தெரியாதவர்களுக்கும் காசோலை போகத் தொடங்கியபோதுதான் இடைவெளியின் ஆபத்து தெரியவந்தது. 1827இல் லண்டனில் யங் என்பவர் தம் வங்கியாளர் குரோட்டுக்கு எதிராக நடத்திய வழக்கு இன்றும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. வெளியூர் கிளம்பிய யங், வெற்றுக் காசோலைகளில் கையொப்பமிட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மாள் 50 பவுண்டு 2 ஷில்லிங் 3 பென்ஸுக்கு ஒன்றை நிரப்பும்படி குமாஸ்தாவிடம் சொன்னார். குமாஸ்தா ‘ஐம்பது’ என்பதை வரியின் நடுவில், சிறிய எழுத்தில் தொடங்கி எழுதினார். எண்ணையும் பவுண்டுக் குறியிலிருந்து தள்ளியே எழுதினார். அந்த அம்மாளிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு, விட்டு வைத்த இடத்தில் ‘முந்நூற்று’ என்பதைச் சேர்த்தார். எண்ணுக்கு முன்னால் ஒரு 3. வங்கி 350 பவுண்டு சொச்சத்தைக் கொடுத்துவிட்டது. நட்டம் யங்குக்கே என்றது நீதிமன்றம். ஏமாற்றுவதற்கு இடம்விட்டு எழுதக் காரணமாக இருந்தது அவர் தரப்பு என்பதுதான் வாதம்.

இதே வித்தையைத் தமிழிலும் செய்யலாம். ‘ஐம்பது’க்கு முன்னால் இடமிருந்தால் ‘முந்நூற்று’ தாராளமாக உட்காரும். அப்பா ஏன் விளிம்பை ஒட்டித் தொடங்குகிறார் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ‘மட்டும்’ என்ற சொல் வலப்பக்கத்து வேலி. விளிம்பு இடப்பக்கத்து வேலி. யங்கின் பெயரைக் கேள்விப்படாமலே அந்த வழக்கின் பாடத்தை அவர் கடைப்பிடித்துவந்திருக்கிறார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அவருடைய தலைமையாசிரியராம்.

யாரும் ஏமாற்றாமல், எண்ணும் எழுத்தும் தாமாகவே முரண்பட்டால் என்ன செய்வது? 1839இல் சாண்டர்சன் எதிர் பைப்பர் என்ற வழக்கு இதற்குப் பதில் சொன்னது. ஓர் உண்டியலில் எண் 245 பவுண்டு என்றும் எழுத்து இருநூறு பவுண்டு என்றும் இருந்தது. ஒட்டியிருந்த முத்திரைக் கட்டணம்கூடப் பெரிய தொகைக்கு உரியது. ‘நாற்பத்தைந்து’ என்ற சொற்கள் மறதியில் விட்டுப்போயின என்று நிரூபிக்க முயன்றார்கள். அந்தச் சாட்சியத்தையே நீதிமன்றம் ஏற்கவில்லை. எழுத்தில் இருநூறு என்றால் இருநூறுதான் என்று முடித்தது.

இந்த விதி பின்னர் சட்டமாயிற்று. 1881ஆம் ஆண்டின் இந்திய மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 18ஆம் பிரிவு, 1882இன் பிரிட்டிஷ் சட்டத்தில் 9ஆம் பிரிவு. இரண்டும் சொல்வது ஒன்றே: தொகை எண்ணில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருந்தால், எழுத்தில் உள்ளதே தொகை. 1927இல் இலங்கைக்கும் 1949இல் மலாயாவுக்கும் வந்த சட்டங்கள் பிரிட்டிஷ் சட்டத்தின் வழிவந்தவை. அமெரிக்காவின் வணிகச் சட்டத் தொகுப்பும் எழுத்தின் பக்கம்தான். ஆக, புலம்பெயர்ந்த தமிழர் அதிகம் வாழும் ஊர்கள் பலவற்றிலும் அப்பாவின் கட்சியே சட்டத்தின் கட்சி.

காரணம் எளிது. 5க்குப் பின்னால் ஒரு சுழி போட ஒரு நொடி போதும். சொல்லை மாற்றுவது அவ்வளவு சுலபமல்ல. எழுதும் கையும் எண்ணில் சறுக்குவதுபோல எழுத்தில் சறுக்குவதில்லை. எழுத்து நேரம் எடுத்துக்கொள்கிறது, அந்த நேரத்தில் மனம் தொகையை இன்னொருமுறை சொல்லிப் பார்க்கிறது.

அப்படியானால் வங்கி ஏன் திருப்பியது? இதற்கான பதில் கும்பகோணத்திலேயே கிடைத்தது. மறுநாள் அப்பா நேராகக் கிளைக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி ஓர் இளம்பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சட்டத்துல எழுத்துதான் சார். ஆனா எதுன்னு நாங்க முடிவு பண்ண முடியாது சார்” என்றாராம்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நுட்பம் இருக்கிறது. 18ஆம் பிரிவு, காசோலை கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தகராறு வந்தால் தொகை எது என்று தீர்த்துவைக்கிறது. வங்கிக்கும் கணக்கு வைத்திருப்பவருக்கும் உள்ள உறவு வேறு. வங்கி அவருடைய கட்டளையை நிறைவேற்றும் முகவர். கட்டளை தெளிவாக இல்லாதபோது ‘தெளிவாகச் சொல்லுங்கள்’ என்று திருப்பிக் கேட்க முகவருக்கு உரிமை உண்டு. 45,000 கொடுத்துவிட்டு, நான் நினைத்தது 4,500 என்று அப்பா சண்டைக்கு வந்தால் வங்கி சட்டப் பிரிவைக் காட்டி வாதாட வேண்டும். 4,500 கொடுத்தால் மேஸ்திரிக்கு அநியாயம். திருப்பிவிட்டால் வங்கிக்கு ஒரு நட்டமும் இல்லை. திருப்பியதற்கான கட்டணம் அப்பாவின் கணக்கிலிருந்து போனது; டீக்கடைப் பேச்சும் அவர் கணக்கில்தான்.

வங்கிகளின் இந்த எச்சரிக்கை புதிதல்ல. 1918இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு ஒன்று இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மேக்மில்லன், ஆர்தர் என்ற நிறுவனத்தில் நம்பிக்கைக்குரிய குமாஸ்தா ஒருவர், கிளம்பும் அவசரத்தில் இருந்த பங்குதாரரிடம் சில்லறைச் செலவுக்கென்று 2 பவுண்டு காசோலையை நீட்டினார். எண் கட்டத்தில் 2 மட்டும் இருந்தது, இருபுறமும் இடத்தோடு. எழுத்து வரி வெறுமையாக இருந்தது. பங்குதாரர் கையொப்பமிட்டார். குமாஸ்தா 2க்கு முன் ஒன்றும் பின் ஒரு சுழியும் போட்டு, எழுத்தில் ‘நூற்று இருபது பவுண்டு’ என்று நிரப்பிப் பணத்தோடு மறைந்தார். இங்கே எண்ணும் எழுத்தும் முரண்படவே இல்லை. வங்கி பார்த்த அளவில் காசோலை சரியானது. மோசடிக்கு வழிவிடாத வகையில் காசோலையை எழுதுவது வாடிக்கையாளரின் கடமை என்று தீர்ப்பாயிற்று. 118 பவுண்டு நட்டம் நிறுவனத்துக்கு.

இந்தத் தீர்ப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஊகம் இருந்தது. எழுதுபவர் கவனமாக எழுத வேண்டும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து கவனமாகப் படிப்பார். தேதி, பெறுபவர் பெயர், எழுத்து, எண், கையொப்பம் என்று வரிசையாக ஒரு கண் போய்வரும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கண்ணுக்கு வேலை தாங்கவில்லை.

1950களில் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்காக ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் காசோலைகளைக் கையாள ஓர் இயந்திரத்தை உருவாக்கியது. காசோலையின் அடியில் இன்றும் நாம் பார்க்கும் கோணல்மாணலான காந்த மை எண்கள் அந்த முயற்சியின் வழியாக வந்தவை. பத்து எண்கள், நான்கு குறிகள், மொத்தம் பதினான்கே வடிவங்கள். வங்கி எண்ணும் கணக்கு எண்ணும் முன்பே அச்சிட்டு வரும். தொகையை மட்டும் வங்கி ஊழியர் ஒருவர் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். நாள் முழுக்கக் கட்டுக்கட்டாகத் தட்டும் ஒருவரின் கண் எங்கே போகும்? எண் கட்டத்துக்குத்தான். அதற்குப் பிறகு இயந்திரம் பார்ப்பது அவர் தட்டியதை.

அமெரிக்க வங்கித் தொழிலில் எண் கட்டத்துத் தொகைக்குக் ‘கர்ட்டஸி அமௌண்ட்’ என்று பெயர். ஒரு மரியாதைக்காக, வசதிக்காக எழுதுவது என்று பொருள். எழுத்துத் தொகைக்கு ‘லீகல் அமௌண்ட்’, சட்டப்படியான தொகை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் இந்தப் பெயர்களைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நடைமுறையில் எல்லாம் மரியாதைத் தொகையை வைத்தே நடந்தது. சட்டத் தொகையை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

தட்டச்சு செய்த விரல்களின் வேலையையும் பிறகு இயந்திரம் எடுத்துக்கொண்டது. பெல் ஆய்வகத்தில் யான் லெகுன் குழுவினர் கையெழுத்து எண்களைப் படிக்கும் நரம்பணு வலையமைப்பை உருவாக்கினார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளுள் ஒன்று அது. 1998இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, தங்கள் அமைப்பு நாளொன்றுக்குப் பல மில்லியன் காசோலைகளைப் படிப்பதாகச் சொல்கிறது. எண்ணைப் படிப்பது இயந்திரத்துக்கு எளிது, பத்தே வடிவங்கள். ஒட்டியும் ஓடியும் எழுதிய சொற்களைப் படிப்பது கடினம். எழுத்தை மாற்றுவது கடினம் என்பதால் சட்டம் அதை நம்பியது. படிப்பது கடினம் என்பதால் இயந்திரம் அதைப் பின்னுக்குத் தள்ளியது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் விமானங்கள் நின்றபோது, விமானத்தில் பயணம் செய்யும் காசோலை மூட்டைகளும் நின்றன. காகிதத்துக்குப் பதில் அதன் படத்தை வைத்தே தீர்வை முடிக்க வழிசெய்யும் சட்டம் 2004 அக்டோபர் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த இலையுதிர்காலத்தில்தான் நான் வேலையில் சேர்ந்தேன். இயந்திரம் ஒரு தொகையைச் சொல்லும். அதில் தனக்கு எவ்வளவு உறுதி என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் கொடுக்கும். மதிப்பெண் குறைந்தால் படம் ஒரு மனிதரின் திரைக்குப் போகும். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே மனிதர் பார்க்க வேண்டும் என்பதை வங்கி தீர்மானிக்கும். மனிதர் பார்த்தால் செலவு. பார்க்காவிட்டால் எப்போதாவது ஒரு நட்டம். இரண்டில் எது மலிவு என்பதே கணக்கு.

இதற்குச் சட்டத்தின் ஒப்புதலும் இருந்தது. 1990இல் திருத்திய அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பு, இயந்திரத்தின் வழியாகக் காசோலையைக் கையாளும் வங்கி ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தாக வேண்டியதில்லை என்கிறது. வங்கி தன் நடைமுறையைப் பின்பற்றினால் போதும்; அந்த நடைமுறை மற்ற வங்கிகளின் வழக்கத்திலிருந்து நியாயமின்றி விலகாமல் இருந்தால் போதும். அதற்குமேல் பார்க்காமல் விட்டது கவனக்குறைவாகாது.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பழைய புதிர் விடுபட்டது. அமெரிக்கா வந்த புதிதில் அறைத் தோழரிடம் பழைய கார் வாங்கி, செப்டம்பர் 10 என்று நினைத்து 10/9 எனத் தேதியிட்டுக் காசோலை கொடுத்தேன். இந்த ஊர்க் கண்ணுக்கு அது அக்டோபர் 9. ஒரு மாதம் பின்தேதியிட்ட காசோலை. நம்மூரில் அந்தத் தேதிவரை பணம் கிடைக்காது. இங்கே இரண்டாம் நாளே கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. வெளிநாட்டு மாணவன் தேதியை மாற்றிப் போட்டிருக்கிறான் என்று யாரோ புரிந்துகொண்டார்கள் என நம்பி நெகிழ்ந்து போயிருந்தேன். முன்னறிவிப்புக் கொடுக்காவிட்டால் பின்தேதிக் காசோலைக்கும் வங்கி உடனே பணம் கொடுக்கலாம் என்பது இங்குள்ள விதி. யாரும் என்னைப் புரிந்துகொள்ளவில்லை. தேதியை யாரும் பார்க்கவேயில்லை.

நம் பக்கமும் அதே பாதையில்தான் வந்தது. தெற்காசியாவில் முதலில் இலங்கை, 2006இல், காசோலையின் படத்தை அனுப்பித் தீர்வு செய்யத் தொடங்கியது. இந்தியாவில் 2008இல் டெல்லியில் சோதனை ஓட்டம். 2011 செப்டம்பரில் சென்னை. காகிதம் போட்ட வங்கியிலேயே தங்கிவிடும்; படம் மட்டும் போகும். படத்தில் திருத்தம் உண்மையானதா என்று பார்ப்பது சிரமம். அதனால் இந்த முறையில் தீர்வாகும் காசோலைகளில் தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு திருத்தமே கூடாது, புதுக் காசோலைதான் எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2010இல் விதி கொண்டுவந்தது. அடித்து எழுதி, பக்கத்தில் முழுக் கையொப்பம் போடும் அப்பா தலைமுறையின் வழக்கம் அதோடு முடிந்தது.

2021 ஜனவரியிலிருந்து இன்னொரு படி. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு, எழுதியவரே தேதி, பெயர், தொகை ஆகியவற்றை வங்கிக்குத் தனியாகத் தெரிவித்து வைக்கும் வசதி வந்தது. மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் காசோலை தோன்றியதே வங்கிக்குச் சொல்வதற்காகத்தான். எண்ணில் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு, மூன்றாவது முறையாக, நான் சொன்னது இதுதான் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கும் வேலை கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுபவரின் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். அந்த அதிகாரி சட்டம் சொன்னதோடு நிற்கவில்லை. திரும்பி வந்த காசோலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். எழுத்து வரி கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. எண் கட்டத்தின் விளிம்பில், கடைசிச் சுழி உட்கார வேண்டிய இடத்தில், பேனா கட்டத்தின் கோட்டின்மேலேயே சுற்றியிருந்தது. சுழியை அப்பா போடத்தான் செய்திருக்கிறார். அது கோட்டோடு கோடாகக் கலந்துவிட்டது. “சார், கண்ணு காட்டினீங்களா?” என்று கேட்டாராம்.

இரண்டு கண்ணிலும் புரை. அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாசியில் ஒரு கண்ணும் பங்குனியில் மறு கண்ணும் அறுவை செய்தோம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகச் சொல்லி வளர்க்கும் மரபு நம்முடையது. அப்பாவின் எண்ணும் எழுத்தும் முரண்பட்டதற்குக் காரணம் கண்களே என்பதை நான் எழுதிய எந்தச் சோதனையும் கண்டுபிடித்திருக்காது. என் மென்பொருள் அதற்கு மதிப்பெண் போட்டு, அடுத்த படத்துக்குப் போயிருக்கும்.

மேஸ்திரிக்கு அப்பா புதுக் காசோலையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார், டீக்கடையில் வைத்து, நாலு பேர் பார்க்க.

இன்று அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பணம் அனுப்ப ஆயிரம் வழி இருந்தாலும் பால்காரருக்கும் மின்வேலைக்காரருக்கும் இன்னும் காசோலைதான், இன்னும் தமிழில்தான். கிழித்துக் கொடுப்பதற்கு முன் அதைப் படமெடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார். கீழே ஒரே வரி: ‘படிச்சுட்டுச் சொல்லு.’ நான் முதலில் எழுத்தைப் படிக்கிறேன். பிறகு எண்ணைப் பார்க்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் ‘சரி’ என்று பதில் போடுகிறேன்.